ரிவால்வர் உறை: எந்த இடுப்பில் எது உட்காரும்

பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோலுக்குப் பஞ்சமில்லை. ஷூவுக்குத் தோல் வெட்டுகிற பட்டறையில் சொன்னால் ரிவால்வர் உறையும் தைத்துத் தருவார்கள். வேலூர் மாதிரி ஊர்களில் போலீஸ் சாமான் விற்கிற கடைகளில் நைலான் உறை தொங்கும். கைடெக்ஸ் என்கிற கெட்டி பிளாஸ்டிக் உறை பார்சலில் வரும். லைசென்ஸ் வைத்திருக்கும் குவாரிக்காரர், நகைக்கடைக்காரர், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர் என்று வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் துப்பாக்கி உள்ளே நுழைகிறதா என்று மட்டும்தான் பார்க்கிறார்கள். உடம்போடு பொருந்துகிறதா என்று பார்ப்பவர்களும் கண்ணாடி முன்னால் நின்றுதான் பார்க்கிறார்கள். நிற்கும்போது எல்லா உறையும் ஒழுங்காகத்தான் இருக்கும். கார் சீட்டில் உட்கார்ந்து பெல்ட் போடுங்கள், கல்யாணப் பந்தியில் சம்மணம் போடுங்கள். உறையின் குணம் அங்கேதான் தெரியும்.

இங்கே பேசுவது கான்பூர் .32 ரிவால்வருக்கான உறைகளைப் பற்றி. இந்தப் பக்கத்தில் லைசென்ஸ்காரர் கையில் அதிகம் இருப்பது அதுதான். ஆறு தோட்டா, மூன்று அங்குல பேரல், எடை சுமார் 700 கிராம், நடுவில் ஒடித்துத் திறக்கும் வகை. திறக்கும் லீவர் இடது பக்கம் இருக்கிறது. உறையின் வார் அதன் மேல் அழுத்தக் கூடாது. 2014-ல் வந்த நிர்பீக் என்ற கான்பூர் ரிவால்வர் டைட்டானியம் கலவையில் செய்தது, 500 கிராம்தான். எடை குறைந்தாலும் சுமக்கிற சிக்கல் ஒன்றுதான்: சிலிண்டர், அதாவது தோட்டாக்கள் உட்காரும் உருளை. ரிவால்வருக்கு அதுதான் தொப்பை. உங்கள் தொப்பையும் அதன் தொப்பையும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்ளக் கூடாது.

இடத்தைச் சொல்லக் கடிகார முள்ளை வைத்துக்கொள்வோம். தொப்புள் 12 மணி, வலது இடுப்பு 3, முதுகெலும்பு 6.

தொப்பை உள்ளவர்களுக்கு 12 முதல் 2 மணி வரை உள்ள இடம் ஆகாது. நிற்கும்போது தொப்பை மேல் சட்டை தொங்கி எல்லாவற்றையும் மறைத்துவிடும், அதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். உட்கார்ந்ததும் வயிறு கீழே இறங்கி பிடியை வெளியே தள்ளும், பேரல் முனை தொடை மடிப்பில் குத்தும். அந்த மடிப்புக்கு உள்ளேதான் தொடையின் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது என்பதையும் மறக்க வேண்டாம். இவர்களுக்கு மூன்றரை, நாலு மணி இடம்தான் சரி. இடுப்பெலும்புக்குப் பின்னால் விலா சதை தட்டையாகும் இடம் அது. பேன்டுக்கு உள்ளே செருகும் உறை, பிடி முன்பக்கம் சாயும்படி 10 முதல் 15 டிகிரி சாய்வு. சாய்வு இல்லாவிட்டால் பிடியின் அடிப்பகுதி பின்னால் நீட்டிக்கொண்டு, குனியும்போது சட்டையில் முட்டை மாதிரி புடைக்கும். சாய்வை அளவுக்கு மேல் கூட்டினாலும் தொல்லை: எடுக்கும்போது மணிக்கட்டு மடங்கும்.

ஒல்லியானவர்களுக்கு மறைக்கச் சதை கிடையாது. சரியாக 3 மணியில் வைத்தால் எலும்பு மேல் சிலிண்டர் ஏறி நிற்கும், தோல் உரியும். எலும்பின் முன்பக்கமோ பின்பக்கமோ உள்ள குழிவில் சிலிண்டரை உட்கார வையுங்கள். தட்டையான வயிறு இருந்தால் ஒன்று, ஒன்றரை மணி இடமும் எடுபடும். அங்கே வைப்பதானால் உறையின் அடிப்பக்கம், உடம்பைத் தொடும் புறத்தில், ஆப்பு வடிவில் ஒரு ஸ்பாஞ்சு ஒட்ட வேண்டும். அடிப்பக்கம் வெளியே தள்ளப்பட்டால் மேலே இருக்கும் பிடி தானாக வயிற்றோடு ஒட்டும். காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. பழைய ஹவாய் செருப்பின் அடியைக் கட்டைவிரல் தடிமனில் ஒரு முனை, ஒன்றுமே இல்லாத அளவுக்கு மறு முனை என்று சீவி எடுத்து, தடித்த முனை கீழே வரும்படி ஒட்டினால் போதும். இந்தச் செருப்புத் துண்டு பல நூறு ரூபாய் வித்தியாசம் உள்ள இரண்டு உறைகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியை நிரப்பிவிடும்.

உயரம் குறைந்தவர்களுக்கு வேறு பிரச்சினை. பெல்ட்டுக்கும் விலாவுக்கும் நடுவே இடம் போதாது, உட்கார்ந்தால் பிடி விலாவில் இடிக்கும். உறை கொஞ்சம் கீழே இறங்கி உட்கார வேண்டும். எவ்வளவு என்பதற்கு ஒரு சோதனை: தோட்டா இல்லாத துப்பாக்கியை உறையில் போட்டுப் பிடியைப் பற்றுங்கள். மூன்று விரல்களும் பெல்ட்டில் இடிக்காமல் முழுதாகச் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் அளவுக்கு மீறி இறக்கிவிட்டீர்கள்.

பெண்களுக்கு இடுப்பு வளைவு கூடுதல். ஆண்களுக்கான உறையை அப்படியே 3 மணியில் போட்டால் அடிப்பக்கத்தை இடுப்பு வெளியே தள்ளும், பிடி விலாவுக்குள் போகும். புடவைக்கு இடுப்பு உறை எதுவும் ஒத்துவராது. பாவாடை நாடா அரைக் கிலோவைத் தாங்காது. சுடிதாருக்கு வயிற்றுப்பட்டை உறை நன்றாக வேலை செய்யும், டாப்ஸின் சைடு கட் வழியாகக் கை போகும். பட்டையில் துணி பாக்கெட் மட்டும் இருந்தால் வாங்காதீர்கள். ட்ரிகர் கார்டை, அதாவது ட்ரிகரைச் சுற்றியுள்ள வளையத்தை, மூடும் கெட்டியான ஓடு அதற்குள் தைத்திருக்க வேண்டும். கைப்பையில் போடுவது எல்லாவற்றையும்விட மோசம். பைக்கில் வந்து பறிப்பவன் பையோடு துப்பாக்கியையும் கொண்டுபோவான், வீட்டில் குழந்தை பையைக் கிளறும்.

வேட்டி கட்டுபவர்களின் பாடு தனி. பாக்கெட் வைத்த அகலப் பச்சை பெல்ட்டில் செல்போன், சாவி, நோட்டுக்கட்டோடு ரிவால்வரையும் செருகும் பழக்கம் உண்டு. அந்தப் பாக்கெட் உறை ஆகாது. துணி வழியாகவே ட்ரிகரை அழுத்த முடியும். சாவி முனை ட்ரிகர் கார்டுக்குள் நுழைய வாய்ப்பும் உண்டு. கெட்டி ஓடு வைத்த வயிற்றுப்பட்டையை வேட்டிக்கு உள்ளே கட்டி, அதன் மேல் பச்சை பெல்ட் போடுவது பரவாயில்லை.

இனி சரக்கு. எந்த அளவுக்கும் பொருந்தும் என்று விற்கும் நைலான் உறைக்கு எங்கள் மதிப்பெண் பூஜ்யம். துப்பாக்கியை எடுத்ததும் வாய் மூடிக்கொள்ளும், திரும்பப் போட இரண்டு கை வேண்டும். கைடெக்ஸ் நல்ல சரக்கு: வியர்வை குடிக்காது, வாய் மூடாது, ஸ்க்ரூ திருகி இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கலாம். ஆனால் விற்பனைக்கு வருவதில் பெரும்பாலானவை வெளிநாட்டு பிஸ்டல் அச்சில் வார்த்தவை. கான்பூர் ரிவால்வருக்கென்று அச்சு எடுத்ததா என்று கேட்டு உறுதி செய்த பிறகே பணம் கட்டுங்கள். தோள் உறைக்கு மேலே கோட்டு வேண்டும். கத்திரி வெயிலில் வேலூரில் கோட்டு போட்டவனை ஊரே திரும்பிப் பார்க்கும். படுக்கைவாட்டில் தொங்கும் வகை என்றால் பின்னால் நிற்பவர் மேல் குறி வைத்தபடி நடக்கிறீர்கள். முதுகெலும்பின் மேல் வைக்கும் 6 மணி உறையை யாரும் வாங்க வேண்டாம், வழுக்கி மல்லாந்து விழுந்தால் இரும்பின் மேல்தான் முதுகு விழும். கணுக்கால் உறை பைக் ஓட்டுபவருக்குச் சுமை, அவ்வளவுதான்.

ஆகவே இந்தப் பகுதியில் நாங்கள் பரிந்துரைப்பது தைத்து வாங்கும் தோல் உறை. தோலைத் தேர்வதில்தான் கவனம் வேண்டும். ஷூவுக்கு வரும் குரோம் தோல் மெத்தென்று இருக்கும், அச்சு பிடிக்காது. ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்ட தோலைக் கேளுங்கள். 3 மில்லிமீட்டர் தடிமன். நனைத்து அழுத்தினால் வடிவம் வாங்கி, காய்ந்ததும் அப்படியே நிற்பது இந்தத் தோல்தான்.

துப்பாக்கியைப் பட்டறையில் விட்டுவிட்டு வரக் கூடாது. லைசென்ஸ் இல்லாதவர் கையில் ஒப்படைப்பது சட்டப்படியே தவறு. வீட்டில் தோட்டாவை எடுத்து வேறு அறையில் வைத்துவிட்டு, அட்டையில் துப்பாக்கியின் ஓரம் வரையுங்கள். பேரல், சிலிண்டர், பிடி ஆகிய மூன்று இடங்களில் வெர்னியர் வைத்துத் தடிமன் குறியுங்கள். அந்த அளவில் ஆசாரியிடம் ஒரு மரக்கட்டை செய்து, அதைப் பட்டறைக்குக் கொடுங்கள். ட்ரிகர் கார்டு முழுதும் மூட வேண்டும், ஹேமருக்கும் (பின்பக்கச் சுத்தி) உடம்புக்கும் நடுவே ஒரு தோல் நாக்கு வேண்டும், வாயைச் சுற்றி இன்னொரு அடுக்குத் தோல் வைத்துத் தைக்க வேண்டும் என்று மூன்றையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மூன்றாவதைத்தான் பட்டறையில் மிச்சம் பிடிப்பார்கள், விடாதீர்கள். தைத்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, கட்டையை உள்ளே விட்டு, சிலிண்டர் விளிம்பிலும் ட்ரிகர் கார்டு ஓரத்திலும் மழுங்கிய கரண்டிக் காம்பால் அழுத்தித் தேய்க்க வேண்டும். நிழலில் ஒரு நாள் காயட்டும். வெயிலில் போட்டால் வெடிக்கும்.

வந்ததும் சோதனை. தோட்டா இல்லாத துப்பாக்கியைப் போட்டுத் தலைகீழாகப் பிடித்து, கீழே மெத்தை வைத்து, லேசாக ஆட்டுங்கள், விழக் கூடாது. இடுப்பில் மாட்டி உருவினால் உறை கூடவே எழும்பி வரக் கூடாது. எழும்பினால் உறையைப் பெல்ட்டில் மாட்டும் க்ளிப் சரியில்லை, அல்லது பெல்ட் சரியில்லை. பெரும்பாலும் பெல்ட்தான். கடையில் வாங்கும் ரெக்ஸின் பெல்ட் 700 கிராமுக்கு முறுக்கிக்கொள்ளும், உறை வெளிப்பக்கம் சாய்ந்து தொங்கும். பெல்ட்டுக்கு வேண்டியது: 38 மில்லிமீட்டர் அகலம், இரண்டு அடுக்குத் தோல், நடுவில் பிடித்துக் குறுக்கே மடித்தால் எளிதில் மடியாத விறைப்பு. உறைக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள். பேன்ட் இடுப்பையும் ஓர் அங்குலம் முதல் இரண்டு அங்குலம் கூட்டித் தைக்கச் சொல்லுங்கள்.

இந்திய வகைக் கழிப்பறை ஒரு சிக்கல். குந்தும்போது பேன்ட் இறங்கி உறை தலைகீழாகும். துப்பாக்கியை எடுத்து ஜன்னலில் வைப்பதுதான் மறந்துவிட்டு வரும் வழி. பெல்ட்டை முழங்கால் உயரத்திலேயே மறுபடி பூட்டி, உறையோடு சேர்த்து ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்டியான்பேட்டை தாண்டிச் சித்தூர் போகிறவர்கள் லைசென்ஸில் செல்லுபடி எல்லை ஆந்திராவையும் சேர்த்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். திருப்பதி என்றால் வீட்டுப் பெட்டியில் பூட்டிவிட்டே போக வேண்டும். அலிபிரியில் ஆயுதத்தை மேலே விடமாட்டார்கள், கார் டேஷ்போர்டு அதை வைக்கும் இடமும் இல்லை.

ராத்திரி துப்பாக்கியை உறைக்குள் விட்டு வைக்காதீர்கள். தோல் குடித்த வியர்வை உப்பு ஒரு வாரத்தில் இரும்பில் துரு ஏற்றும், பித்தளைத் தோட்டாவில் பச்சைக் களிம்பு பிடிக்கும். காய்ந்த துணியால் துடைத்து, லேசாக எண்ணெய் காட்டி, பூட்டுப் பெட்டியில் வையுங்கள். உறைக்கு எண்ணெய் ஊறப் போட வேண்டாம். தோல் தொளதொளத்துப் போகும். மாதம் ஒருமுறை வாய் விளிம்பைக் கட்டைவிரலால் உள்பக்கம் அழுத்திப் பாருங்கள். மடங்கி உள்ளே போகிறது என்றால், துப்பாக்கியைத் திரும்பப் போடும்போது அந்த மடிப்பு ட்ரிகர் கார்டுக்குள் நுழைந்து விரல் செய்கிற வேலையைச் செய்யும். சட்டை நுனியும் சுடிதார் நாடாவும் செய்வது இதையேதான், அதனால் எப்போதும் பார்த்துக்கொண்டே, மெதுவாகப் போடுங்கள். வாய் மடங்கத் தொடங்கிய உறையைச் சரி செய்ய முடியாது. இரண்டாக வெட்டிக் குப்பையில் போடுங்கள், வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம்.