ஊசல் கிட்: குண்டு அருமை, கையேடு மோசம்

மகளுக்காக 650 ரூபாய் கொடுத்து ஆன்லைனில் வாங்கிய ஊசல் கிட் இது. புவியீர்ப்பு முடுக்கத்தை (கீழே விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு விநாடியும் எவ்வளவு கூடுகிறது என்பதை) வீட்டிலேயே அளக்கலாம் என்று போட்டிருந்தார்கள், அளக்கவும் முடிகிறது. ஸ்டாண்டு மட்டும் ஆடுகிறது, மேசை விளிம்பில் ஒரு பழைய டிக்‌ஷனரியை வைத்து அழுத்தினோம்.

20 அலைவுக்கு 40.2 விநாடி. கணக்குப் போட்டால் முடுக்கம் 9.62 மீ/வி² என்று வந்தது, மனசே விட்டுப்போச்சு. அப்புறம்தான் தெரிந்தது, நூலின் நீளத்தைக் குண்டின் மேல் கொக்கி வரைக்கும்தான் அளந்திருக்கிறோம், மையம் வரை அளக்க வேண்டும். விடுபட்ட ஒன்றரை சென்டிமீட்டரைச் சேர்த்து சரியாக ஒரு மீட்டர் என்று வைத்ததும் 9.77! சென்னைக்கு உண்மையான மதிப்பு சுமார் 9.78, இந்த விலைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

பித்தளைக் குண்டு, மரக்குண்டு இரண்டும் கொடுத்திருக்கிறார்கள். எதை மாட்டினாலும் அலைவு நேரம் மாறவில்லை, மகள் நம்பாமல் நான்கு தடவை மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

கையேடுதான் கோபம் வரவைத்தது. விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பே கிடையாதாம். 400 கிலோமீட்டர் உயரத்தில் தரையில் இருப்பதில் கிட்டத்தட்ட 89 சதவீதம் இருக்கிறது சார், நிலையமும் அதில் இருப்பவர்களும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால்தான் மிதக்கிறார்கள். ஐந்துக்கு மூன்றரை.