ஏவிஎஸ் எச்டி 709: ஓசி பேட்டர்ன் ஃபைல வெச்சு வீட்டு டிவிய டெஸ்ட் பண்ணின கதை

போன தீபாவளி ஆஃபர்ல 43 இன்ச் டிவி ஒண்ணு வாங்கினோம், பிராண்ட் பேரு வேண்டாம். கடையில பாக்கும்போது ஜொலி ஜொலின்னு இருந்துச்சு, வீட்டுக்கு வந்து மாட்டினதும் ராத்திரி சீன் எல்லாம் கரி பூசின மாதிரி, ஹீரோ கருப்பு சட்ட போட்டு வந்தா தலை மட்டும் தனியா மிதக்குது. நியூஸ் சேனல்ல கீழ ஓடுற வரியில எழுத்தோட கால் வெட்டுப்பட்டு எது ரு எது ரூன்னே தெரியல. மாட்ட வந்த தம்பிகிட்ட கேட்டா "புது டிவி சார், பாக்கப் பாக்க செட் ஆயிடும்"னு சொல்லிட்டு கெளம்பிட்டாரு. எது செட் ஆகும்? என் கண்ணா?

அப்புறம் தேடிப் புடிச்சதுதான் இந்த ஏவிஎஸ் எச்டி 709. வீடியோ பைத்தியம் புடிச்ச சில பேரு சேந்து செஞ்சு ஓசியிலயே குடுத்திருக்குற டெஸ்ட் பேட்டர்ன் தொகுப்பு இது, அதாவது டிவி சரியா காட்டுதான்னு பாக்குறதுக்கான படங்க. ப்ளூரே டிஸ்க்கா எரிச்சுக்கலாம், இல்லன்னா எம்பி4 ஃபைலா எடுத்து பென்டிரைவ்ல போட்டு டிவி பின்னாடி சொருகலாம், நான் ரெண்டாவது. 709ன்னா எச்டி டிவிக்கான கலர் ஸ்டாண்டர்டோட நம்பர், பிடி.709, 1990ல வந்தது.

பேசிக் செட்டிங்ஸ்னு ஒரு பகுதி, அதுல அஞ்சே அஞ்சு பேட்டர்ன். நம்மள மாதிரி ஆளுக்கு அதுவே போதும். மொதல்ல பிளாக் கிளிப்பிங். ஸ்கிரீன் பூரா கருப்பு, அதுக்குள்ள நம்பர் போட்ட பட்டைங்க மினுக்கு மினுக்குன்னு மின்னணும். வெளிச்சத்துக்கு 0ல இருந்து 255 வரைக்கும் நம்பர், ஆனா டிவி வீடியோல கருப்புன்னா 0 இல்ல 16, வெள்ளைன்னா 255 இல்ல 235, அதுதான் கணக்கு. அதனால 17ல இருந்து பட்டைங்க லேசா தெரியணும், 16ம் அதுக்குக் கீழ உள்ளதும் இருட்டோட இருட்டா போயிடணும். என் டிவில 25 வரைக்கும் ஒண்ணுமே தெரியல, பென்டிரைவ் ஹேங் ஆயிடுச்சுன்னு நெனச்சு ரெண்டு தடவ கழட்டி மாட்டினேன். ஹேங் எல்லாம் இல்ல, டைனமிக் கான்ட்ராஸ்ட்னு, சீனுக்கு ஏத்த மாதிரி கருப்பு வெள்ளைய தானா மாத்துற ஆப்ஷன் ஒண்ணு ஆன்ல இருந்து மொத்த நிழலையும் முழுங்கிட்டு இருந்திருக்கு. அத ஆஃப் பண்ணிட்டு பிரைட்னஸ ஒவ்வொரு புள்ளியா ஏத்த ஏத்த 24, 22, 20னு ஒவ்வொண்ணா எட்டிப் பாத்துச்சு பாருங்க, அந்த நிமிஷமே கருப்பு சட்டைக்கு என்ன ஆச்சுன்னு புரிஞ்சுபோச்சு.

இங்க ஒரு குழப்பம் இருக்கு. பெரும்பாலான டிவில பிரைட்னஸ்ங்கிறது வெளிச்சத்துக்கு இல்ல, கருப்பு எவ்ளோ கருப்புங்கிறதுக்கு. வெளிச்சத்துக்கு பேக்லைட்னு தனியா இருக்கும். ஆனா சமீபத்து சோனி டிவில பிரைட்னஸ்னா வெளிச்சம், கருப்புக்கு பிளாக் லெவல்னு வெச்சிருக்கான். எவன் வெச்ச பேரோ, மெனுவ நம்பாம பேட்டர்ன நம்புங்க.

வெள்ளைக்கும் இதே கதைதான், அங்க 234 பட்டை வரைக்கும் மின்னுற மாதிரி கான்ட்ராஸ்ட எறக்கணும். எறக்கினதுக்கு அப்புறம் கிரிக்கெட்ல டெஸ்ட் மேட்ச் வெள்ளை சட்டையில மடிப்பு தெரியுது, முன்னாடி வெள்ளை அட்டைய வெட்டி ஒட்டின மாதிரி இருந்துச்சு.

எனக்கு ரொம்பப் புடிச்சது அஞ்சாவது, ஷார்ப்னஸும் ஓவர்ஸ்கேனும். ஓரத்துல இருக்குற கோடு நாலு பக்கமும் முழுசா தெரியுதான்னு பாக்கணும், என் டிவில நாலு பக்கமும் காணோம். பழைய பிக்சர் டியூப் டிவில ஓரம் ஆடும், கோணலா இருக்கும், அத மறைக்க படத்த கொஞ்சம் பெருசாக்கி ஓரத்த வெளிய தள்ளுவாங்க, அதான் ஓவர்ஸ்கேன். டியூப் போய் எத்தன வருஷமாச்சு, இன்னும் புது டிவில அத ஆன்லயே வெச்சு அனுப்புறாங்க, அதான் நம்ம ரூ கால ஒடிச்சது. எல்ஜில ஜஸ்ட் ஸ்கேன், சாம்சங்ல ஸ்கிரீன் ஃபிட்னு ஒவ்வொருத்தரும் ஒரு பேரு வெச்சிருப்பாங்க, என்னோடதுல 1:1. அத அமுக்கினதும் ஓரம் முழுசா வந்துச்சு, கூடவே படமும் தெளிவாச்சு, ஏன்னா இழுத்துப் பெருசாக்குற வேலையே இல்ல இப்போ. ஷார்ப்னஸ் 50ல இருந்துச்சு, கருப்புக் கோட்டுக்கு ரெண்டு பக்கமும் வெள்ளையா ஒரு நிழல் கோடு ஒட்டிட்டு நின்னுச்சு. எறக்கிட்டே வந்தா 8ல மறஞ்சுது. உங்க டிவிக்கு 8 வராது, சிலதுல 0 சரி, சிலதுல 50தான் சரி, அதனால என் நம்பர காப்பி அடிக்காதீங்க.

இதெல்லாம் புதுசு இல்ல. நடுவுல பெரிய வட்டம் போட்ட டெஸ்ட் கார்டு ஞாபகம் இருக்கா, பிலிப்ஸ் பிஎம்5544, டென்மார்க்ல ஃபின் ஹென்டில்னு ஒரு இன்ஜினியர் 1960கள்ல செஞ்சது. வட்டம் முட்டையா தெரிஞ்சா படம் இழுபடுதுன்னு அர்த்தம், ஓரத்துல கருப்பு வெள்ளை கட்டம் தெரியறத வெச்சு எவ்ளோ வெட்டுப்படுதுன்னு பாப்பாங்க. அதே வேலையதான் இந்த பென்டிரைவும் செய்யுது.

கலர் பட்டை பேட்டர்ன்தான் எனக்கு சரியா ஒத்து வரல. தப்பு ஃபைலோடது இல்ல. வெள்ளை, சியான், மெஜந்தா, நீலம் நாலுலயும் நீலம் ஒரே அளவு இருக்கும், மஞ்சள், பச்சை, சிவப்புல நீலமே இருக்காது. அதனால நீலத்த மட்டும் பாத்தா அந்த நாலும் ஒண்ணு போல தெரியணும், மத்த மூணும் கருப்பாயிடணும், அப்படி வர்ற வரைக்கும் கலரையும் டின்ட்டையும் திருகணும். இதுக்கு நீல ஃபில்டர் வேணும். ஃபேன்சி ஸ்டோர்ல நீல ஜெலட்டின் பேப்பர் வாங்கி மூணா மடிச்சு கண்ணுல வெச்சுட்டு உக்காந்திருந்தேன், காபி எடுத்துட்டு வந்த அம்மா ஒரு நிமிஷம் நின்னு பாத்துட்டு "கிரகணமாடா இன்னிக்கு?"ன்னாங்க. அந்த பேப்பர்ல பச்சையும் கசியுது, அத நம்பி கலர கூட்டினா முகமெல்லாம் தக்காளி ஆகுது. மெனுல நீலம் மட்டும் காட்டுற மோட் இருந்தா அத யூஸ் பண்ணுங்க, இல்லன்னா கலர தொடாம விட்டுடுங்க.

கலர் டெம்பரேச்சர், அதாவது வெள்ளை மஞ்சள் பக்கம் சாயுதா நீலம் பக்கம் சாயுதாங்கிற விஷயத்துலயும் கண்ண நம்ப முடியாது, அதுக்கு மீட்டர் வேணும். 6500 கெல்வினுக்குப் பக்கமா வரணும்னா வார்ம் வைங்கன்றாங்க, வெச்சேன், அம்மா "லோ வோல்டேஜாடா?"ன்னாங்க. நாலு நாள் கழிச்சு மறுபடி கூல் போட்டுக் காட்டினா "என்னடா ஆஸ்பத்திரி டியூப்லைட் மாதிரி இருக்கு"ன்றாங்க.

குறை சொல்லணும்னா, எல்லாமே 1080பி, எச்டிஆர் (பளிச் வெளிச்சத்தையும் ஆழமான இருட்டையும் சேத்துக் காட்டுற புது வகை வீடியோ) கிடையாது, 4கே டிவில எச்டிஆர் படத்துக்கு இந்த செட்டிங் உதவாது. நான் பாத்த மேனுவல் இங்கிலீஷ்ல. இன்னொண்ணு, இது யாரும் சொல்லல, நானா முட்டிக்கிட்டேன்: யுஎஸ்பில சரி பண்ணினது யுஎஸ்பிக்கு மட்டும்தான் சேவ் ஆயிருக்கு, செட்டாப் பாக்ஸ் போட்டா பழைய கரி முகம் அப்படியே வருது. எல்லா இன்புட்டுக்கும் அப்ளை பண்ணுன்னு மெனுல எங்கயாவது ஒளிஞ்சிருக்கும், தேடுங்க. டிவிய அரை மணி நேரம் ஓட விட்டு, ராத்திரி எப்பவும் எந்த லைட்ல பாப்பீங்களோ அதே லைட்ல செய்யுங்க.

ஸ்கிரீன் பூரா ஒரே சாம்பலா வர்ற பேட்டர்னும் இருக்கு. அத மட்டும் ரிட்டர்ன் டைம் முடியறதுக்குள்ள போட்டுப் பாத்துடுங்க, இல்லன்னா பாக்கவே பாக்காதீங்க. எனக்கு வலது பக்கம் கீழ உள்ளங்கை அளவுக்கு அழுக்கு மாதிரி ஒரு திட்டு, எந்த செட்டிங்லயும் போகல. சர்வீஸ்ல இருந்து வந்தவரு "படம் ஓடினா தெரியாது சார்"னு கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டாரு. கேமரா பந்து பின்னாடி பவுண்டரிக்கு ஓடும்போதெல்லாம் அந்தத் திட்டு புல்லு மேல ஊந்து போகுது, வீட்டுல வேற யாருக்கும் தெரியல.

அஞ்சுக்கு நாலு ஸ்டார். ஒண்ணு கொறச்சது எச்டிஆருக்கு, திட்டுக்கு இல்ல.