ஜிமெயிலுக்கும் பழைய ஷாப்பிங் கணக்குக்கும் ஒரே பாஸ்வேர்டா? உஷார்!

நாச்சியார்கோயில் பக்கம் குத்துவிளக்கு வியாபாரி ஒருவர் ஏமாந்த விதம் இது. யாரும் போன் போட்டு ஓடிபி கேட்கவில்லை, எந்த லிங்க்கையும் அவர் தொடவில்லை. எப்போதோ கணக்கு தொடங்கி மறந்துபோன ஷாப்பிங் தளத்திலிருந்து அவருடைய மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் கசிந்தன. ஜிமெயிலுக்கும் அதே பாஸ்வேர்டுதான்.

கசிந்த பட்டியலை யாரும் உட்கார்ந்து தட்டிப் பார்ப்பதில்லை. அதற்கென்றே இருக்கும் புரோகிராம் ஒவ்வொரு தளமாகப் போட்டுப் பார்க்கும். கடைசி 123-ஐ 124 ஆக்கியிருந்தால் அதையும் போடும். பழைய கசிவுதானே என்றும் விட முடியாது. 2012-ல் வேலைத் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் தளத்தில் திருடுபோன 11.7 கோடிக் கணக்குகள் விற்பனைக்கு வந்தது 2016-ல்.

உள்ளே புகுந்தவன் பாஸ்வேர்டை மாற்றவே இல்லை. குறிப்பிட்ட ஒரு வாடிக்கையாளரின் மெயில் வந்தால் நேரே குப்பைக்குப் போகும்படி ஃபில்டர் போட்டான். பிறகு வியாபாரியின் முகவரியிலிருந்தே, பழைய பில் மாதிரியே ஒரு பில். வங்கிக் கணக்கு எண் மட்டும் வேறு. அட்வான்ஸ் போய்விட்டது. சரக்கு எங்கே என்று கேட்டு வந்த மெயிலும் குப்பையில்.

பாஸ்வேர்டை மாற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள், ஃபில்டர் அப்படியே இருக்கும். மொபைல் ஆப்பில் அது கண்ணில் படாது. கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து செட்டிங்ஸில் ஃபில்டர், ஃபார்வர்டிங் (வரும் மெயிலை வேறு முகவரிக்குத் தானாக அனுப்புவது) இரண்டையும் பாருங்கள். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் ரெக்கவரி எண், ரெக்கவரி மெயில், உள்ளே இருக்கும் சாதனங்கள் எல்லாம் உங்களுடையவைதானா என்று பார்த்து, பாஸ்வேர்டுக்குப் பிறகு இன்னொரு உறுதியும் கேட்கும் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனைப் போடுங்கள். போன் கையில் இல்லாதபோது உள்ளே நுழைய உதவும் பேக்கப் கோடுகளை அச்செடுத்து பீரோவில் வையுங்கள்.

எல்லாக் கணக்கையும் ஒரே நாளில் மாற்ற மலைப்பாக இருந்தால் மெயில், வங்கி முதலில். எங்கெங்கே ஒரே பாஸ்வேர்டு என்பதை குரோமின் பாஸ்வேர்டு செக்கப்பே காட்டிக்கொடுக்கும். பயிர்க் காப்பீட்டுக்காக பிரவுசிங் சென்டரில் மெயில் தொடங்கியவர்கள் (பெரும்பாலும் பெயர்@123 தான்!) வீட்டுக்கு வந்ததும் சொந்த போனில் மாற்றிவிடுங்கள்.

பணம் போயிருந்தால் உடனே வங்கிக்கும் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கும் சொல்ல வேண்டியவர் பணம் அனுப்பியவர். வியாபாரி ஃபில்டரை அழிக்கும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவரிடம் கொடுக்கட்டும்; புகாரோடு சேர்க்க உதவும்.