அம்மாவின் இடுப்பு வலியும் தில்லை நகரில் ஒரு விஆர் கண்ணாடியும்

சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் நான்கு மணி நேரம். அப்படியிருந்தும் இந்த முறை ஊருக்குப் போக ஒன்றரை ஆண்டாகிவிட்டது. மே மாத வெயிலில் லால்குடி வீட்டுக்குள் நுழைந்தபோது, அம்மா சமையல் மேடை முன் நின்றபடி கத்தியால் புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். காய் நறுக்க அரிவாள்மனையைத் தவிர வேறெதையும் தொடாதவர் அவர். ஏனம்மா என்று கேட்டேன்.

"கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறதடி."

வலிக்கிறது என்று சொல்லியிருந்தால் எனக்கு அவ்வளவு உறைத்திருக்காது. பயமாக இருக்கிறது என்றார்.

அம்மாவுக்கு 67 வயது. இடுப்பு வலி தொடங்கி ஆறு ஆண்டாகிறது. எக்ஸ்ரே, எம்ஆர்ஐ, பெல்ட், மாத்திரை, தைலம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. முதல் ஆண்டில் ஒரு மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "எலும்பு தேய்ந்துபோய்விட்டது, குனியாதீர்கள்" என்றாராம். அந்த ஒரு சொல்லில் அம்மா குனிவதையே விட்டுவிட்டார். அந்த வயதில் எம்ஆர்ஐ எடுத்தால் வலியே இல்லாத பலருக்கும் தேய்மானம் தெரியும். அதை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

நான் சிங்கப்பூரில் மறுவாழ்வுப் பிரிவில் நர்ஸ். நாள்பட்ட இடுப்பு வலிக்கு விஆர் கண்ணாடி, அதாவது வேறோர் இடத்துக்குள்ளேயே இருப்பது போல் கண்ணுக்குக் காட்டும் மெய்நிகர் கருவியைத் தலையில் மாட்டிச் செய்யும் சிகிச்சையைப் பற்றிப் படித்திருந்தேன். திருச்சியில் கிடைக்கிறதா என்று விசாரித்தேன். இரண்டு இடங்களில் கிடைத்தது.

முதலில் போனது ஒரு பெரிய மருத்துவமனை. பெயர் வேண்டாம். வரவேற்பு மேசையிலேயே பத்து சிட்டிங் கொண்ட பேக்கேஜ், 18,000 ரூபாய், முன்பணம் என்றார்கள். வலி எங்கே, எப்போது, எதனால் கூடுகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. அம்மாவின் கொண்டைக்கு மேல் கண்ணாடியின் பட்டையை இழுத்து இறுக்கிவிட்டு உதவியாளர் வெளியே போய்விட்டார். கண்ணாடிக்குள் ஒரு கடற்கரை, ஆங்கிலத்தில் ஒரு குரல். ஆறு நிமிடத்தில் அம்மாவுக்குக் குமட்டல் வந்துவிட்டது. பட்டையைக் கழற்ற ஆள் தேடி நான் வராந்தாவில் ஓடினேன். வலியோடு வருகிறவர்களை இப்படித் தனியே விட்டுப் போவது எனக்கு இன்னமும் ஆறவில்லை. கட்டிய பணத்தில் பாதியைத் திரும்ப வாங்கவே மூன்று முறை நடக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது இடம் தில்லை நகரில் ஒரு குறுக்குத் தெருவில், மாடியில் இருக்கும் சின்ன பிசியோதெரபி கிளினிக். நடத்துபவர் முப்பது வயதுகூட ஆகாத பெண். சிட்டிங் ஒன்றுக்கு 600 ரூபாய், அன்றன்றைக்குக் கொடுத்தால் போதும். முதல் நாள் கண்ணாடியை அவர் வெளியிலேயே எடுக்கவில்லை. நாற்பது நிமிடம் பேசினார். கால் மரத்துப்போகிறதா, சிறுநீர் அடக்க முடியாமல் போகிறதா, காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா, எப்போதாவது வலிப்பு வந்ததா, தலைசுற்றல் இருக்கிறதா. பழைய எம்ஆர்ஐ அறிக்கையை வரிவரியாகப் படித்தார். பிறகு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இது உங்கள் தலையில் நரை விழுந்த மாதிரிதான் அம்மா. முதுகு உடைந்துவிடாது" என்றார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

வலி மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அதை நாள்பட்ட வலி என்கிறோம். அந்தக் கட்டத்தில் திசுவில் இருக்கும் காயத்துக்கும் உணரும் வலிக்கும் உள்ள உறவு தளர்ந்துபோய்விடும். மூளை உஷாராகவே இருக்கிறது; குனியப் போகிறோம் என்ற நினைப்புக்கே எச்சரிக்கை மணி அடிக்கிறது. கண்ணுக்குக் காட்டுவதை மாற்றினால் அந்த மணியின் சத்தத்தையும் கொஞ்சம் குறைக்கலாம் என்பதுதான் இந்தச் சிகிச்சையின் அடிப்படை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் 1990-களில் இதை முகம் பார்க்கும் சாதாரணக் கண்ணாடியை வைத்தே காட்டினார். கை இழந்தவர், இருக்கும் கையின் பிம்பத்தைக் கண்ணாடியில் பார்த்து அசைத்தபோது, இல்லாத கையின் வலி சிலருக்குத் தணிந்தது. அமெரிக்காவின் சியாட்டிலில் ஆய்வாளர்கள் ஹண்டர் ஹாஃப்மனும் டேவிட் பேட்டர்சனும் தீக்காயம் பட்டவர்களுக்குப் புண்ணைச் சுத்தம் செய்யும் நேரத்தில் பனி உலகம் ஒன்றை விஆரில் காட்டி வலியைக் குறைத்தார்கள். 2015-ல் வெளிவந்த ஆய்வொன்று என்னை மிகவும் யோசிக்க வைத்தது. கழுத்து வலி உள்ள 24 பேர் விஆர் கண்ணாடியோடு தலையைத் திருப்பினார்கள். உண்மையில் திரும்பியதைவிடக் குறைவாகத் திரும்பியது போல் காட்டியபோது, வலியில்லாமல் சுமார் 6 சதவீதம் கூடுதலாகத் திருப்ப முடிந்தது. அதிகமாகத் திரும்பியது போல் காட்டியபோது வலி முன்னதாகவே வந்துவிட்டது. கழுத்து அதே கழுத்துதான்.

இடுப்பு வலிக்கென்றே ஒரு கருவிக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2021 நவம்பரில் அனுமதி கொடுத்தது. நோயாளி வீட்டிலேயே 8 வாரம், 56 அமர்வுகள் செய்ய வேண்டும். ஒவ்வொன்றும் 2 முதல் 16 நிமிடம். 179 பேரிடம் சோதித்ததில், கருவியைப் பயன்படுத்தியவர்களில் 66 சதவீதத்தினருக்கு வலி 30 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. வெறும் இரு பரிமாணக் காட்சிகளைப் பார்த்தவர்களில் 41 சதவீதத்தினருக்கு அப்படிக் குறைந்தது. இரண்டு எண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். முதல் எண்ணை மட்டும் விளம்பரத்தில் போடுகிறவர்களிடம் கவனமாக இருங்கள்.

தில்லை நகருக்குத் திரும்புகிறேன். அங்கே அம்மா பார்த்தது ஒரு தோட்டம். மரத்தில் பழம், பக்கத்தில் கூடை. பறித்துக் கூடையில் போட வேண்டும். ஆங்கிலக் குரலை அந்தப் பெண் அணைத்துவிட்டு, தானே அருகில் நின்று தமிழில் பேசினார். "மூச்சை மெதுவாக விடுங்கள் அம்மா, இப்போது இடது பக்கம் ஒரு பழம்." கொண்டையை அவிழ்த்துப் பின்னலாக்கி, பட்டை உட்கார இடம் செய்தார். அரைக் கிலோ கனம், திருச்சி வெயில். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கழற்றி நெற்றியைத் துடைத்துவிட்டார். முகத்தில் படும் உறையை ஒவ்வொருவருக்கும் மாற்றினார்.

முதல் அமர்வில் அம்மாவின் இடது கை நாற்காலி விளிம்பை விடவே இல்லை. விரல் நுனி வெளுத்திருந்தது. கூடை அப்போது இடுப்பு உயரத்தில் இருந்தது. ஒவ்வொரு அமர்விலும் அம்மாவிடம் சொல்லிவிட்டே ஒரு சாண் இறக்கினார். ஐந்தாவது அமர்வில் கூடை முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அம்மா பழத்தோடு குனிந்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். இரண்டு கையும் காற்றில் இருந்தன. முடிந்ததும் அந்தப் பெண் கைபேசியில் எடுத்த காணொளியைக் காட்டினார். "நானா இது?" என்று கேட்டு அம்மா அதை மூன்று முறை பார்த்தார். கண்ணாடிக்குள் பார்த்த தோட்டத்தைவிட இந்தக் காணொளிதான் அவருக்கு மருந்து என்று எனக்குத் தோன்றியது. உடனே கண்ணாடி இல்லாமல், தரையில் வைத்த ஒரு பிளாஸ்டிக் வாளியில் எலுமிச்சம்பழங்களைப் போடச் சொன்னார். தயங்கித் தயங்கிப் போட்டார்.

ஊரில் இந்தச் சிகிச்சை தேடுபவர்களுக்கு என் கருத்து இதுதான்: கருவியின் விலையைக் கேட்காதீர்கள், அது தலையில் இருக்கும்போது பக்கத்தில் யார் நிற்பார் என்று கேளுங்கள். கழற்றிய பிறகு என்ன பயிற்சி என்றும் கேளுங்கள். தமிழில் குரல் கொடுக்கும் ஒரு மென்பொருளை இங்கே யாராவது செய்தால் எத்தனை வீடுகளுக்கு உதவும்! லால்குடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வர முடியாதவர்கள் எத்தனை பேர்.

நான் கிளம்பும் முன் ஆறு அமர்வு முடிந்திருந்தது. பத்துக்கு ஏழு என்று சொல்லிவந்த வலியை அம்மா இப்போது ஐந்து என்கிறார். மழை வரும் நாட்களில் ஆறு. தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றக் குனிகிறார். தரையில் உட்கார இன்னும் துணியவில்லை. அரிவாள்மனை பரண் மேலேயே இருக்கிறது. முக்காலியில் உட்கார்ந்து கைப்பிடிக்காமல் எழுந்திருப்பதை நாளுக்குப் பத்து முறை செய்ய வேண்டும் என்பது அந்தப் பெண் கொடுத்த வீட்டுப்பாடம். இரவு எட்டரைக்கு வீடியோவில் அழைக்கும்போது அம்மா சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்பே எண்ணிக்கையைச் சொல்லிவிடுகிறார். நேற்று பன்னிரண்டு.