குளிர்கால முன்னறிவிப்புக்கு விண்டி செயலி

குளிர்காலம் வந்துவிட்டால் நான் அதிகம் திறப்பது விண்டி (Windy) என்ற வானிலைச் செயலியைத்தான். தொட்டிச் செடிகளை எந்த இரவு உள்ளே எடுத்து வைக்க வேண்டும் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். போனோடு வரும் செயலி ஒரு மேகப் படத்தையும் ஒரு எண்ணையும் காட்டிவிட்டு நின்றுவிடும். அது போதாது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒப்பிடும் வசதி. ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மையத்தின் (ECMWF) கணிப்பும், ஜி.எஃப்.எஸ். (GFS) என்ற அமெரிக்க வானிலை மாதிரியின் கணிப்பும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். கடுங்குளிர் வரும் என்று இரண்டும் ஒரே இரவைச் சொன்னால் நம்பி வேலையைத் தொடங்கலாம். ஒன்று 1 டிகிரி, மற்றது 6 டிகிரி என்றால் இன்னும் முடிவாகவில்லை என்று அர்த்தம். மறுநாள் மறுபடி பார்ப்பேன். ஜி.எஃப்.எஸ். 16 நாள் வரை கணிக்கும். ஆனால் ஒரு வாரத்துக்கு அப்புறம் வருவதை வெறும் போக்காகத்தான் எடுத்துக்கொள்வேன்.

காட்டும் வெப்பநிலை தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்துக்கானது, அதைக் கவனியுங்கள். மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை சூட்டை வேகமாக இழந்துவிடும். எண் 3 என்று இருந்தாலும் புல்லில் உறைபனி படியலாம். அதனால் மேகம், காற்று இரண்டையும் சேர்த்தே தட்டிப் பார்க்கிறேன்.

ஐரோப்பியக் கணிப்பு நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடுகிறது; ஒரு கட்டம் சுமார் 9 கி.மீ. அகலம். பள்ளத்தில் தேங்கும் குளிர் அதில் சரியாகத் தெரியாது. தாழ்வான இடத்தில் இருப்பவர்கள் இரண்டு மூன்று டிகிரி குறைத்தே கணக்குப் போடுங்கள்.