எஸ்கோம்ப் ஆலயம்: அவசரமாகப் பார்க்கக் கூடாத இடம்

இங்கிலாந்தின் வடகிழக்கில், டர்ஹாம் மாவட்டத்து பிஷப் ஆக்லாந்து ஊரை ஒட்டியுள்ளது எஸ்கோம்ப் கிராமம். அதன் பங்கு ஆலயம், அதாவது ஊர் மக்களுக்கான கிறிஸ்தவத் தேவாலயம், கி.பி. 670-675 வாக்கில் எழுந்தது. வழிபாடு இன்றும் நடக்கிறது.

வந்ததும் உள்ளே நுழைந்துவிடாமல், முதலில் வெளியே ஒரு சுற்று வாருங்கள். கற்களில் பெரும்பங்கு பக்கத்திலிருந்த பின்செஸ்டர் ரோமானியக் கோட்டையைப் பிரித்து எடுத்தவை. வடக்குச் சுவரில் ஆறாவது படையணியின் பெயர் பொறித்த கல் தலைகீழாக இருக்கும். கட்டியவர்களுக்குத் தேவைப்பட்டது கல்தான், எழுத்தல்ல. சாய்சதுரக் கோடுகள் கொத்திய கற்களைக் கண்டால் அவையும் ரோமானியர் கைவேலையே.

தெற்குச் சுவரின் உயரத்தில் சாக்சன் காலச் (ரோமானியருக்குப் பின் சாக்சன் மக்கள் இங்கிலாந்தை ஆண்ட காலம்) சூரியக் கடிகாரம் உண்டு. பாம்பு வளைந்து சூழ, மேலே ஒரு விலங்கின் தலை. வாசல் மண்டபத்தில் இருக்கும் கடிகாரம் பிற்காலத்தது. அதையே பழையதென்று எண்ணித் திரும்பிவிடாதீர்கள்.

உள்ளே நடுக்கூடம் நாற்பத்து மூன்றரை அடி நீளம், பதினான்கரை அடி அகலம்; சுவரோ 23 அடி உயரம். அகலத்தை உயரம் இப்படி மிஞ்சுவதால் பார்வை தானாக மேலே போகும். வயதை ஜன்னலில் கணிப்பவர்கள் கவனிக்க வேண்டும்: பெரிய ஜன்னல்கள் 13, 19ஆம் நூற்றாண்டுகளில் சேர்ந்தவை. மூல ஜன்னல்கள் உயரத்தில் உள்ள சிறியவை. வெளியே குறுகி உள்ளே விரிவதால், காற்றும் மழையும் அதிகம் புகாமல் வெளிச்சம் மட்டும் பரவும். வடக்கில் மேற்கல் நேர்க்கோடாகவும் தெற்கில் வளைவாகவும் இருப்பதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இங்கே அதிக நேரம் கேட்பது பீட அறைக்கு முன்னுள்ள வளைவு. அதன் பக்கத்தூண்களில் ஒரு கல் நெட்டாக நிற்கும், அடுத்தது படுக்கையாகச் சுவருக்குள் பாயும். அந்தப் படுக்கைக் கல்தான் தூணைச் சுவரோடு பூட்டுகிறது. கட்டடவியலாளர்கள் இந்த முறைக்கு இவ்வூரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். வளைவே ரோமானியக் கட்டடம் ஒன்றிலிருந்து வந்திருக்கலாம் என்பது பலரின் கருத்து.

1863இல் ஊருக்குப் புது ஆலயம் கட்டியதும் இது கைவிடப்பட்டுச் சிதைந்தது. 1875-80இல் பழுதுபார்த்தபோதும் சுவர்களைப் பெரிதாக மாற்றவில்லை. பழமை பிழைத்தது அதனால்தான்.

பூட்டியிருந்தால் திரும்பிவிடாதீர்கள். சாவியைப் பக்கத்து வீட்டு வாசலில் மாட்டி வைப்பது இங்கே நெடுநாள் வழக்கம். நுழைவாயில் அறிவிப்பைப் பாருங்கள். சூரியக் கடிகாரத்தின் செதுக்கல் தேய்ந்திருப்பதால் தெற்குச் சுவரில் வெயில் சாய்வாக விழும் நேரமே நல்லது.