மெஷின் கட்டா, கத்திரி வெட்டா?

கும்பகோணமோ மன்னார்குடியோ, சலூன் நாற்காலியில் உட்கார்ந்ததும் "மெஷின் போடவா, கத்திரியா?" என்று கேட்டால் பாதிப் பேர் முழிக்கிறார்கள்.

நேரம்: மெஷின் சட்டென்று முடியும். கத்திரிக்குப் பொறுமை வேண்டும், ஞாயிறு காலைக் கூட்டத்தில் அது யாருக்கும் இருக்காது, செவ்வாய் பல கடைகள் லீவு, புதன் கிழமை போங்கள்.

தாங்குவது: முடி மாதம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வளரும். பக்கத்தில் மெஷினில் 1ஆம் நம்பர் சீப்பு மாட்டி, அதாவது 3 மில்லிமீட்டர் நீளம் விட்டு வெட்டினால், இரண்டு வாரத்திலேயே காதோரம் புசுபுசுவென்று கிளம்பிவிடும். கத்திரியில் நீளம் படிப்படியாக இறங்குவதால் ஒரு மாதம் ஓட்டலாம்.

செலவு: ஒரு தடவைக்குப் பெரிய வித்தியாசமில்லை, மெஷினுக்கு அடிக்கடி போகணும். சொந்த டிரிம்மர் வாங்கினால் மிச்சம்தான், ஆனால் பின்கழுத்துக்கு வீட்டில் யாரையாவது கெஞ்ச வேண்டும்.

சித்திரை வெயிலில் வயலுக்கோ பைக்கிலோ அலைபவர்களுக்கு மெஷின்தான், 2ஆம் நம்பர் போதும். வேர்த்தாலும் துண்டால் துடைத்தால் சரி. சுருட்டை முடிக்குக் கத்திரி. இரட்டைச் சுழி இருந்தால் உச்சியில் அரைகுறை நீளம் விடாதீர்கள், முடி நட்டுக்கொண்டு நிற்கும். கல்யாணம் என்றால் பக்கம் மெஷின், மேலே கத்திரி, அதுவும் ஒரு வாரம் முன்னாலேயே.